பெரிய எண்ணால் வகுபடுமா? ஈவை விடுங்கள், மீதியைப் பிடியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் இருக்கும் உறவினர் ஒருவருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, 22 இடங்கள் கொண்ட வங்கிக் கணக்கு எண்ணை ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். ஐரோப்பாவில் புழங்கும் ‘ஐபேன்’ எண் அது. அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. முன்னால் இருக்கும் நான்கு இடங்களைக் கடைசிக்குக் கொண்டுபோய், எழுத்துகளை எண்களாக்கி, கிடைக்கும் நீண்ட எண்ணை 97-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். வேறு ஏதாவது வந்தால் எங்கோ தவறு.

வகுப்பதற்குக் கணினி இருக்கிறதே என்று, இரண்டு எழுத்துகளும் நான்கு இலக்கங்களானதால் கிடைத்த 24 இலக்கங்களையும் அட்டவணைச் செயலி ஒன்றில் இட்டேன். அது கடைசி ஒன்பது இலக்கங்களையும் சத்தமில்லாமல் சுழியமாக்கியது. மீதி என்ன என்று கேட்டால் ‘பிழை’ என்றது. உறவினர்தான் தவறாகச் சொல்லிவிட்டார் என்று அவரை மறுபடி அழைத்துத் தொந்தரவு செய்தேன். அவரும் பொறுமையாக அதே எண்ணைத் திரும்பச் சொன்னார். பிறகு அதே உறையில் பேனாவால் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மீதி 1 வந்தது. இரண்டாம் வகுப்புக் குழந்தை செய்யக்கூடிய பெருக்கலும் கூட்டலும்தான் தேவைப்பட்டன.

அந்த ஐந்து நிமிட வேலையைப் புதிதாக வருபவருக்குச் சொல்லித்தருவதுதான் இந்தக் கட்டுரை. 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும், 11-க்கு ஒன்றுவிட்டு ஒன்று கழிக்க வேண்டும் என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 97, 137, 373, 641 என்று வகுத்தி வளரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. எண்ணுக்கு ஒரு விதி என்று மனப்பாடம் செய்யத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. விதிகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று பார்த்துவிட்டால், தேவைப்படும்போது நீங்களே ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன்

‘வகுபடுமா?’ என்ற கேள்விக்கு ஈவு தேவையே இல்லை. 48 லட்சத்தில் 373 எத்தனை முறை அடங்கியிருக்கிறது என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை, கடைசியில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. ஆகவே, கணக்கின் எந்த இடத்திலும் வகுத்தியின் மடங்கு ஒன்றைத் தயங்காமல் தூக்கி எறியலாம், விடை மாறாது. 115 மீந்திருக்கிறது, வகுத்தி 97 என்றால், 97-ஐ எறிந்துவிட்டு 18-ஐ மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘மட்டு எண்கணிதம்’ என்ற பெயரில் வருவது இதுதான். அங்கே மூன்று கோடு போட்ட சமக்குறியைப் பார்த்து மிரண்டவர்கள் ‘இரண்டுக்கும் மீதி ஒன்றுதான்’ என்று அதைப் படித்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று: மீதியைக் கழித்தல் குறியோடு வைத்துக்கொள்வதும் குற்றமில்லை. 97-க்கு மீதி 95 என்பதும் −2 என்பதும் ஒன்றே. கையால் போடும்போது −2 எவ்வளவு இலகு என்பது இரண்டு முறை செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 1: வகுத்தியை உடைத்துப் பாருங்கள்

பெரிய வகுத்தியைப் பார்த்தவுடன் அதன் மேல் பாயவேண்டாம். அது சிறிய காரணிகளாக உடைகிறதா என்று பாருங்கள். 143 என்பது 11 × 13. 391 என்பது 17 × 23. 792 என்பது 8 × 9 × 11. இந்த மூன்றாவதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. 8-க்குக் கடைசி மூன்று இலக்கம், 9-க்கு இலக்கக் கூடுதல், 11-க்கு ஒன்றுவிட்டு ஒன்று கழித்தல் என எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சோதனைகளே.

ஆனால் உடைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இதில் அடிக்கடி விழுவதைப் பார்த்திருக்கிறேன். உடைந்த துண்டுகள் தங்களுக்குள் பொதுக் காரணி இல்லாதவையாக, அதாவது சார்பகா எண்களாக இருக்கவேண்டும். 24-ஐ 4 × 6 என்று உடைத்து, ‘4-ஆலும் வகுபடுகிறது, 6-ஆலும் வகுபடுகிறது, ஆகவே 24-ஆல் வகுபடும்’ என்றால் தவறு. 12-ஐப் பாருங்கள், 4-ஆலும் 6-ஆலும் வகுபடுகிறது, 24-ஆல் வகுபடவில்லை. 24-ஐ 3 × 8 என்றுதான் உடைக்கவேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு: 3-க்கும் 9-க்கும் இலக்கக் கூடுதல் வேலை செய்கிறது, ஆகவே 27-க்கும் செய்யும் என்று நினைப்பது. 1899-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வருகிறது. 1899-ஐ 27-ஆல் வகுத்தால் மீதி 9. விதி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை நீட்டினால் இப்படித்தான் ஆகும்.

உடையாத பகா எண்ணாக இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: இடமிருந்து வலமாக, மீதியைச் சுமந்தபடி

இது எந்த வகுத்திக்கும் பொருந்தும். நீள்வகுத்தல்தான், ஈவை எழுதும் வேலை மட்டும் இல்லை. 48217369 என்ற எண் 373-ஆல் வகுபடுமா என்று பார்ப்போம்.

முதலில் ஓரமாக 373-இன் மடங்குகளை 9 வரை எழுதிக்கொள்ளுங்கள்: 373, 746, 1119, 1492, 1865, 2238, 2611, 2984, 3357. இந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்க நினைப்பவர்கள்தான் பிறகு பத்து நிமிடம் தவறைத் தேடுவார்கள். இனி இடப்பக்கத்திலிருந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

482-இல் 373 போக 109. அடுத்த இலக்கம் 1, ஆக 1091. அதில் 746 போக 345. அடுத்து 7, ஆக 3457. அதில் 3357 போக 100. அடுத்து 3, ஆக 1003. 746 போக 257. அடுத்து 6, ஆக 2576. 2238 போக 338. கடைசி 9, ஆக 3389. 3357 போக 32.

மீதி 32, வகுபடாது. ஆனால் சும்மா போகவில்லை: 32-ஐக் கழித்தால் கிடைக்கும் 48217337 வகுபடும் என்பதும் தெரிந்துவிட்டது. ‘எந்த எண்ணைக் கழித்தால் மீதியின்றி வகுபடும்?’ என்று கேட்கும் தேர்வுக் கேள்விகளுக்கு இதற்கு மேல் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ‘எந்த எண்ணைக் கூட்டினால்?’ என்று கேட்டால் 373-இலிருந்து 32 போக 341.

இந்த வழி நம்பகமானது, ஆனால் மந்தமானது. வேகம் வேண்டுமானால் அடுத்ததைப் பாருங்கள்.

படி 3: பத்தின் அடுக்குகளுக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள்?

நாம் எழுதும் எண் எதுவானாலும் அது பத்தின் அடுக்குகளால் கட்டப்பட்டது. 10, 100, 1000 இவற்றை உங்கள் வகுத்தியால் வகுத்தால் என்ன மீதி வருகிறது என்று தெரிந்துகொண்டால், விதி தானாகவே கையில் வந்து விழும். பிரெஞ்சுக்காரரான பிளேஸ் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை எல்லா வகுத்திக்கும் பொதுவான வழியாக எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1665-இல் அது அச்சேறியது.

நம் 97-ஐ எடுத்துக்கொள்வோம். 100-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே எங்கெல்லாம் ‘நூறால் பெருக்கு’ என்று வருகிறதோ அங்கெல்லாம் ‘மூன்றால் பெருக்கு’ என்று மாற்றிக்கொள்ளலாம். எண்ணை இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து, இடமிருந்து நடக்கவேண்டும்: கையில் இருக்கும் மீதியை மூன்றால் பெருக்கி, அடுத்த இரட்டை இலக்கத்தைக் கூட்டி, 97-ஐத் தாண்டினால் எறிந்துவிடுங்கள். அவ்வளவுதான்.

உறவினரின் எண்ணை இங்கே போட முடியாது. விளக்கங்களில் மாதிரியாகக் காட்டப்படும் ஒரு ஜெர்மன் எண்ணை எடுத்துக்கொள்வோம்: ‘டி’, ‘இ’ என்ற இரண்டு எழுத்துகள், பிறகு 89 3704 0044 0532 0130 00. முன்னால் உள்ள எழுத்துகளும் 89-உம் கடைசிக்குப் போகின்றன. ஆங்கில அகரவரிசையில் முதல் எழுத்துக்கு 10, இரண்டாவதற்கு 11 என்று எண் கொடுப்பது வழக்கம். அந்தக் கணக்கில் டி-க்கு 13, இ-க்கு 14. ஆக, நாம் சோதிக்கவேண்டிய எண் 370400440532013000131489. இரண்டிரண்டாகப் பிரித்தால்:

37 04 00 44 05 32 01 30 00 13 14 89

37-இல் தொடங்குகிறோம்.
37 × 3 = 111, கூட்ட 04, 115. எறிந்தால் 18.
18 × 3 = 54, கூட்ட 00, 54.
54 × 3 = 162, கூட்ட 44, 206. எறிந்தால் 12.
12 × 3 = 36, கூட்ட 05, 41.
41 × 3 = 123, கூட்ட 32, 155. எறிந்தால் 58.
58 × 3 = 174, கூட்ட 01, 175. எறிந்தால் 78.
78 × 3 = 234, கூட்ட 30, 264. எறிந்தால் 70.
70 × 3 = 210, கூட்ட 00, 210. எறிந்தால் 16.
16 × 3 = 48, கூட்ட 13, 61.
61 × 3 = 183, கூட்ட 14, 197. எறிந்தால் 3.
3 × 3 = 9, கூட்ட 89, 98. எறிந்தால் 1.

மீதி 1, எண் சரி. அதாவது இந்த 24 இலக்க எண்ணில் ஒன்றைக் குறைத்தால் 97-ஆல் சரியாக வகுபடும். கணினி திணறிய கணக்கு இதே அளவுடையதுதான்.

ஏன் 97-ஐத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம். இரண்டு இலக்கப் பகா எண்களில் அதுதான் பெரியது. எண்ணைச் சொல்லும்போது நாம் அடிக்கடி செய்யும் தவறுகளில் ஒன்று, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போடுவது: 53 என்பதற்கு 35. இப்படி மாற்றினால் எண்ணில் ஏற்படும் வித்தியாசம், இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தை 9-ஆல் பெருக்கி, பின்னால் சில சுழியங்களைச் சேர்த்தது. இலக்கங்களின் வித்தியாசம் 9-க்கு மேல் போகாது, ஆக 9-ஆல் பெருக்கினால் 81-க்கு மேல் போகாது. அது 97-இன் மடங்காக இருக்க வழியே இல்லை. சுழியங்கள் சேர்வதாலும் பயனில்லை, 10-க்கும் 97-க்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே இலக்கங்களுக்குள் நடக்கும் இந்தத் தவறு ஒவ்வொரு முறையும் பிடிபடும். ஒரே ஒரு இலக்கம் தவறினாலும் அப்படித்தான்.

இனி மற்ற குடியிருப்புகள். 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே 7, 11, 13, அவற்றின் பெருக்கங்களான 77, 91, 143 எல்லாவற்றுக்கும் 1000-இன் மீதி −1. வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போகலாம். 738738 போல மூன்று இலக்கத்தை இருமுறை எழுதிய எண் எதுவானாலும் 143-ஆல் வகுபடும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. குழந்தைகளிடம் வித்தை காட்ட நன்றாக இருக்கும். 999 என்பது 27 × 37. அங்கே 1000-இன் மீதி 1, மும்மூன்றாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். 99999-க்குள் 41-உம் 271-உம் ஒளிந்திருக்கின்றன, அவற்றுக்கு ஐந்தைந்தாகப் பிரித்துக் கூட்டவேண்டும். 10001 என்பது 73 × 137, நான்கு நான்காகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழிக்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னதை ஒரு முறை செய்து பார்ப்போம். 504821937694 என்ற எண் 137-ஆல் வகுபடுமா? நான்கு நான்காக: 5048, 2193, 7694. வலப்பக்கத்திலிருந்து 7694 − 2193 + 5048 = 10549. இதையும் மறுபடி பிரிக்கலாம்: 0549 − 1 = 548. 548 என்பது 137 × 4. வகுபடும். அதே 548-ஐ வைத்து 73-ஐயும் பார்த்துவிடலாம்: 511 போக மீதி 37, வகுபடாது. ஒரே கணக்கில் இரண்டு விடைகள்.

பிரிக்கும்போது நம் லட்சம், கோடிக் காற்புள்ளிகளை நம்பாதீர்கள். 50,48,21,93,76,94 என்று இரண்டிரண்டாகப் போய்க் கடைசியில் மட்டும் மூன்று இலக்கம் நிற்கும் வழக்கம் இந்தச் சோதனைகள் எதற்கும் ஒத்துவராது. பாருங்கள், நானே இப்போது தவறாகத்தான் புள்ளி வைத்திருக்கிறேன்: சரியான வடிவம் 5,04,82,19,37,694. புள்ளிகளையெல்லாம் எடுத்துவிட்டு, வலப்பக்க முனையிலிருந்து புதிதாக எண்ணிப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் மிஞ்சும் துண்டு சிறியதாக இருந்தால் இருக்கட்டும்.

படி 4: வலப்பக்கத்திலிருந்து கத்தரிப்பது

373, 641 போன்றவை பத்தின் சிறிய அடுக்குகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பதில்லை. அவற்றுக்கு வேறு வழி. 1, 3, 7, 9 ஆகியவற்றில் முடியும் எல்லா வகுத்திக்கும் இது பொருந்தும். கடைசி இலக்கத்தை வெட்டி, அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, மீந்த பகுதியிலிருந்து கழிக்கவேண்டும் அல்லது அதனுடன் கூட்டவேண்டும். பெருக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம், அதுவும் பெரியதல்ல.

வகுத்தியின் மடங்குகளில் 1-இல் முடியும் ஒன்றைத் தேடுங்கள். அந்த 1-ஐ நீக்கினால் நிற்பதே பெருக்கும் எண், கழிக்கவேண்டும். 9-இல் முடியும் மடங்கு கிடைத்தால், அதோடு 1-ஐச் சேர்த்து, கடைசிச் சுழியத்தை நீக்குங்கள். கிடைப்பதால் பெருக்கிக் கூட்டவேண்டும். 373-க்கு 3 மடங்கு 1119, ஆக 1120, பெருக்கும் எண் 112, கூட்டவேண்டும். 7 மடங்கு 2611, பெருக்கும் எண் 261, கழிக்கவேண்டும். இரண்டையும் கூட்டினால் 373 வருவதைக் கவனியுங்கள், எப்போதும் அப்படித்தான் வரும். ஆகவே ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றதும் கிடைத்துவிடும். சிறியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

641 ஏற்கெனவே 1-இல் முடிகிறது. பெருக்கும் எண் 64, கழிக்கவேண்டும். ஒரு பேர்பெற்ற எண்ணையே சோதிப்போம்: 4294967297.

கடைசி 7-ஐ வெட்டினால் 429496729. 64 × 7 = 448. கழித்தால் 429496281.
1-ஐ வெட்டினால் 42949628. 64 கழித்தால் 42949564.
4-ஐ வெட்டினால் 4294956. 256 கழித்தால் 4294700.
கடைசிச் சுழியங்களைச் சும்மா உதறிவிடலாம்: 42947.
7-ஐ வெட்டினால் 4294. 448 கழித்தால் 3846.
6-ஐ வெட்டினால் 384. 64 × 6 = 384. கழித்தால் 0.

வகுபடும்! ஏன் இது சரியாக வருகிறது? கடைசி இலக்கத்தை வெட்டி 64 மடங்கைக் கழிப்பது என்பது, எண்ணிலிருந்து 641-இன் ஒரு மடங்கைக் கழித்துவிட்டுப் பிறகு 10-ஆல் வகுப்பதேயாகும். மடங்கைக் கழித்தால் விடை மாறாது. 10-க்கும் 641-க்கும் பொதுக் காரணி இல்லாததால் 10-ஆல் வகுப்பதும் விடையைக் கெடுக்காது. சுழியங்களை உதறியதும் அதே உரிமையில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கத்தரிக்கும் வழி ‘வகுபடும்’, ‘வகுபடாது’ என்று மட்டுமே சொல்லும். வகுபடாதபோது கடைசியில் மிஞ்சி நிற்பது உண்மையான மீதி அல்ல, ஏனென்றால் ஒவ்வொரு வெட்டிலும் 10-ஆல் வகுத்திருக்கிறோம். மீதி எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் இரண்டாம், மூன்றாம் படிகளுக்குத்தான் போகவேண்டும். ஐபேன் போன்றவற்றில் மீதி 1 என்று வரவேண்டுமே, அங்கே இது உதவாது.

படி 5: எண்ணை எழுதாமலே சோதிப்பது

மேலே சோதித்த 4294967297 எதற்குப் பேர்பெற்றது? அது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டியது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுடன் 1-ஐக் கூட்டி 3, 5, 17, 257, 65537 என்று இதே பாணியில் வரும் எண்கள் எல்லாம் பகா எண்களாக இருப்பதைப் பார்த்து, அடுத்து வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் பியர் டி ஃபெர்மா நம்பினார். 1732-இல் லியோனார்டு ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்: 641 × 6700417 = 4294967297.

எண் அடுக்கு வடிவில் தரப்பட்டிருந்தால் அதை விரித்து எழுதவே வேண்டாம். வர்க்கப்படுத்திக்கொண்டே போய், ஒவ்வொரு கட்டத்திலும் மடங்குகளை எறிந்தால் போதும். வகுத்தி 641 என்றே வைத்துக்கொள்வோம்.

2-இன் 8-ஆம் அடுக்கு 256.
16-ஆம் அடுக்கு வேண்டுமானால் 256-ஐ வர்க்கப்படுத்துங்கள்: 65536. இதில் 641 × 102 = 65382 போனால் 154.
32-ஆம் அடுக்குக்கு 154-ஐ வர்க்கப்படுத்துங்கள்: 23716. பக்கத்திலேயே 641 × 37 = 23717 இருக்கிறது. ஆகவே மீதி −1.

அதோடு 1-ஐக் கூட்டினால் 0, முடிந்தது. பத்து இலக்க எண்ணை நாம் ஒரு முறைகூட எழுதவில்லை. கழித்தல் குறியுள்ள மீதியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். 640 என்று எழுதியிருந்தாலும் விடை வந்திருக்கும், ஆனால் −1-ஐப் பார்த்தவுடன் வரும் உற்சாகம் வராது.

வகுத்தி எது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை, கையில் கொடுக்கப்பட்ட வகுத்தியைச் சோதிப்பது வேறு வேலை. 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைந்த எண் பகா எண் என்று 1644-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் மாரின் மெர்சென் பட்டியலிட்டார். அது பகு எண்தான் என்று 1876-இல் இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞரான எட்வார்ட் லூக்கா காட்டினார், காரணிகளைச் சொல்லாமலே. 193707721, 761838257287 என்ற காரணிகளை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் முன்வைத்தார். தேட அத்தனை காலம், ஆனால் அவை சரியா என்று பார்க்க ஒரு தாளும் ஓர் அமைதியான மாலையும் போதும்.

படி 6: கணினியிடம் கொடுக்கும்போது

அட்டவணைச் செயலிகள் பொதுவாக 15 இலக்கங்களைத்தான் முழுமையாகக் காப்பாற்றும். 16-ஆவது இலக்கத்திலிருந்து சுழியம் போட்டுவிடும், அதையும் உங்களிடம் கேட்காமல். ஆகவே நீண்ட எண்ணை உள்ளிடும் முன் அந்தக் கட்டத்தை ‘உரை’ வகைக்கு மாற்றிவிடுங்கள். உள்ளிட்ட பிறகு மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் போனதுதான். பிறகு அந்த உரையைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் துண்டின் மீதியை அடுத்த துண்டின் முன்னால் ஒட்டி மீண்டும் மீதி காணச் சொல்லுங்கள். இரண்டாம் படியேதான், ஓர் இலக்கத்துக்குப் பதில் ஏழு இலக்கம். ஒட்டிய பிறகு மொத்தம் ஒன்பது இலக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேலே பார்த்த ஜெர்மன் எண்ணில் முதல் ஒன்பது இலக்கங்கள் 370400440, மீதி 23. அடுத்த ஏழைச் சேர்த்தால் 235320130, மீதி 70. அடுத்த ஏழைச் சேர்த்தால் 700013148, மீதி 38. கடைசி 9-ஐச் சேர்த்தால் 389, மீதி 1. கையால் போட்டதும் இதுவும் ஒத்துப்போகின்றன.

நிரல் எழுதுபவர்களுக்கு: பைத்தானில் முழு எண்களுக்கு இலக்க வரம்பு இல்லை, % குறி ஒன்றே போதும். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்கள் 9007199254740992-க்கு மேல் ஒற்றைப்படை எண்களைப் பிரித்தறியாது. அந்த எண்ணோடு 1-ஐக் கூட்டினால் அதே எண் திரும்பி வரும். அங்கே இதற்கென இருக்கும் பெரிய எண் வகையைப் பயன்படுத்துங்கள்.

கணிப்பான் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: வகுத்துப் பார்த்து, தசமப் புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லையென்றால் வகுபடும் என்று முடிவு கட்டுவது. 504821937694 என்ற எண் 137-ஆல் வகுபடும் என்று பார்த்தோம், ஈவு 3684831662. ஒன்றைக் கூட்டி 504821937695-ஐ வகுத்தால் சரியான விடை 3684831662.0072… என்று போகும். பத்து இலக்கம் மட்டும் காட்டும் கணிப்பானில் அதுவும் 3684831662 என்றே தெரியும். இரண்டும் வகுபடுவதாகத் தோன்றும். ஈவு திரையின் அகலத்தை எட்டிவிட்டால் கணிப்பானின் சாட்சியம் செல்லாது. ஈவை வகுத்தியால் திரும்பப் பெருக்கிக் கடைசி இரண்டு இலக்கங்களையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே 62 × 37 = 2294, ஆக 94-இல்தான் முடியவேண்டும், 95-இல் அல்ல.

எதைக் கொண்டு எதைச் செய்வது என்று முதல் சில நாட்கள் குழப்பமாக இருக்கும். என் பழக்கத்தைச் சொல்கிறேன்: வகுத்தியைப் பார்த்ததும் உடையுமா என்று பார்ப்பேன். உடையாவிட்டால் 100, 1000-க்குப் பக்கத்தில் அதன் மடங்கு ஏதாவது வருகிறதா என்று பார்ப்பேன். அதுவும் இல்லையென்றால், ஆம், இல்லை மட்டும் போதுமென்றால் கத்தரிப்பேன், மீதி வேண்டுமென்றால் மடங்குப் பட்டியல் எழுதி இறக்குவேன்.

பழகிப் பார்க்க ஒன்று. 2-இன் 37-ஆம் அடுக்கில் 1 குறைந்த எண் 223-ஆல் வகுபடும் என்று 1640-இல் ஃபெர்மா கண்டுபிடித்தார். விரித்தால் 137438953471, ஆனால் விரிக்காமல் செய்யுங்கள். 8-ஆம் அடுக்கின் மீதி 33, 16-ஆம் அடுக்கின் மீதி −26, 32-ஆம் அடுக்கின் மீதி 7 என்று வரவேண்டும். அங்கிருந்து 37-க்குப் போக இன்னும் ஐந்து அடுக்கு, அதாவது 32-ஆல் ஒரு பெருக்கல். 224 வந்தால் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.